எட்டெழுத்தில் நிற்கும் நொதி, எதிலும் நிற்காத நாம்

அவைக்குத் தலைமையேற்று, ஆற்ற முடியாத துயரத்தைத் துண்டோடு சேர்த்துத் தோளில் போட்டபடி அமர்ந்திருக்கும் கோழிப்பண்ணையாளர் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய சின்னண்ணன் ஐயா அவர்களே! முன்னிலை வகிக்கும் கால்நடை மருத்துவர் தீனதயாளன் அவர்களே! விடியுமுன் விழித்து, கூண்டு வரிசையெல்லாம் குனிந்து நிமிர்ந்து, முட்டை எடுத்த கையைக் கழுவிய ஈரம் உலருமுன் இங்கே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! நாமக்கல் என்ற பெயரை நாட்டின் மறுகோடிவரை லாரியில் ஏற்றிச் சென்ற பெரியோர்களே! பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாலும், எழுந்து மட்டும் போகாத என் இனிய அண்ணன்மார்களே! உங்கள் எல்லோர் முன்னும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. வாழப்பாடிக்காரி. சேலத்தில் நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தலைவர் ஐயாவின் ஒரே மகள் தனப்பிரியா அதே ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி. நீங்கள் தனம் என்று கூப்பிட்ட பெண். ஆடி நோன்பிக்கு ஊருக்கு வந்தவள், ஆவணி பிறக்குமுன் போய்விட்டாள். இது ஆண்டு விழா என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். வாழ்த்துரை என்று என் பெயருக்கு எதிரே போட்டிருக்கிறீர்கள். யாரை வாழ்த்துவது? எதை வாழ்த்துவது? எந்த வாயால் வாழ்த்துவது?

காரியம் முடிந்த அன்று பந்தலுக்கு வெளியே ஐயா என்னை நிறுத்தினார். "சாமி, எம்புள்ள ஏதோ ஒண்ணப் படிச்சுதே, சோத்துல கை வெச்சா அதப் பத்தியே பேசும். நான் காது குடுத்துக் கேட்டதில்ல. அது என்னன்னு நம்ம சங்கத்துல வந்து சொல்லு. எதையும் மறைக்காத" என்றார். ஒரு தகப்பன் கேட்டுவிட்டார். அதற்காக வந்தேன். வேறெதற்காகவும் இந்த மேடைக்கு ஏறியிருக்க மாட்டேன்.

அவள் படித்தது ஒரு நொதியைப் பற்றி. நொதி என்றால் உயிருக்குள் ஓயாமல் உழைக்கும் ஒரு புரதம். ரெக்பிசிடி என்று அதற்குப் பெயர். வாயில் நுழையவில்லையா? எனக்கும் முதலில் நுழையவில்லை. நம் குடலில், கோழியின் குடலில், குளத்து நீரில், கூண்டின் அடியில் கொட்டிக் கிடக்கும் எருவில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்குள் இருக்கிறது அது. அந்தச் சிற்றுயிரின் உடல் முழுக்க ஒரே ஓர் அறை. அந்த அறைக்குள் சுருண்டு கிடக்கிறது டி.என்.ஏ. என்னும் இரட்டைப் புரிக் கயிறு. அது எப்படி வாழவேண்டும், எப்படிப் பெருகவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கயிற்றில் நான்கே நான்கு எழுத்தால் எழுதியிருக்கிறது. கயிறு அறுந்தால் கதை முடிந்தது. ஒரு புரி அறுந்தால் மறு புரி தாங்கும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்? அப்போதுதான் வருகிறது நம் நொதி.

தனம் இதைப் பாடமாகச் சொன்னதே இல்லை. அவள் இந்த ஊர்ப் பெண் அல்லவா? லாரியாகத்தான் சொல்வாள். "வாணி, தொலைதூர லோடுக்கு எங்கூர் லாரில ரெண்டு டிரைவரு, ஒரு கிளீனரு போவாங்க. இதுலயும் அதே மூணு பேருதான்" என்பாள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், அவளும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்த நொதியில் மூன்று துண்டுகள். பி ஒரு டிரைவர், டி ஒரு டிரைவர், சி கிளீனர். அறுந்த நுனியில் போய் இந்த லாரி ஏறி உட்காரும். ஒரு புரியை ஒரு டிரைவர் பிடிப்பான், மறு புரியை மற்றவன் பிடிப்பான். இருவரும் இழுத்து, முறுக்கைப் பிரித்து, கயிற்றைக் கிழித்துக்கொண்டே ஓடுவார்கள். டி வேகக்காரன், முன்னால் போவான். பி சற்று நிதானம். ஆனால் கத்தி அவன் பக்கம். பிரிந்த இரு புரியையும் வெட்டிக்கொண்டே வருவான். ஒரு நொடிக்குள் ஏறக்குறைய ஆயிரம் எழுத்தைத் தின்றுவிடும் வேகம்!

பழுது பார்க்க வந்தவன் பாழாக்குகிறானே என்று கேட்கிறீர்கள் அல்லவா? நானும் கேட்டேன். "இரு, கிளீனரப் பாரு" என்றாள். அந்தக் கிளீனர், சி என்னும் துண்டு, ஓட்டுவதில்லை, வெட்டுவதில்லை. வழியைப் பார்த்துக்கொண்டே வருகிறான். போகும் வழியில் ஓரிடத்தில் எட்டெழுத்து ஒன்று வரும். இலட்சக்கணக்கான எழுத்துகளுக்கிடையே குறிப்பிட்ட வரிசையில் அமைந்த எட்டே எட்டெழுத்து. மலையடியில் நின்று பெருமாளின் எட்டெழுத்தை ஓதிக் கும்பிடுகிற ஊர் இது. உங்களுக்கு நான் எட்டெழுத்தின் பெருமை சொல்லவேண்டுமா? அதைக் கண்டதும் கிளீனர் அதைப் பிடித்துக்கொள்கிறான். லாரி நிற்கிறது!

நிற்கிறது, தாய்மார்களே! வெறிகொண்டு வெட்டி வந்த வண்டி, எட்டெழுத்தைக் கண்ட மாத்திரத்தில் நிற்கிறது. சில நொடி அசையாமல் நிற்கிறது. பிறகு புறப்படும்போது அது பழைய வண்டி அல்ல. முன்னால் ஓடிய வேகக்காரன் பின்னால் போகிறான். நிதானக்காரன் முன்னால் வருகிறான். இரண்டு புரியையும் வெட்டிய கத்தி இனி ஒரு புரியை மட்டும் தொடுகிறது. மறு புரியை வாலாக நீட்டி வளரவிடுகிறது. அந்த வாலின் மேல் ரெக்ஏ என்ற இன்னொரு புரதத்தை ஏற்றிவிடுகிறது. அது அந்த வாலைச் சுமந்துகொண்டு, உடையாமல் இருக்கும் உடன்பிறந்த கயிற்றைத் தேடிப் போய், பொருந்தும் இடம் பார்த்து, இழந்த எழுத்தையெல்லாம் அதைப் பார்த்து எழுதி முடிக்கிறது. உடைந்தது ஒட்டிவிட்டது. அழிக்க வந்தது ஆக்கிவிட்டது. ஒரு முறை எட்டெழுத்தைத் தவறவிட்டாலும் குற்றமில்லை. வழி நெடுக அதே எட்டெழுத்து திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ஒன்றில் நிற்காவிட்டால் அடுத்ததில் நிற்கும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் எதற்கு? அரை மூடிக்காக.

ஏன் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்? அரை மூடி என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் தெரியாதவர் யார்? காற்று மாறினால் அரை மூடி. முதல் மழை விழுந்தால் அரை மூடி. பக்கத்துப் பண்ணையில் கோழி இருமியது என்று கேள்விப்பட்டாலே அரை மூடி. நோய் வந்த கோழிக்கு மருத்துவர் சொல்லும் மருந்தை, நோய் வராத கோழிக்கும் குடிதண்ணீர் டேங்க்கில் நாமே ஊற்றுகிறோம். முழு அளவு ஊற்றினால் தண்ணீர் கசக்கும். கசந்தால் கோழி குடிக்காது. குடிக்காவிட்டால் முட்டை குறையும். அதனால் மருந்து பாட்டில் மூடியில் பாதி. பாதியும் கசக்குமே? அதற்குத்தான் டேங்க்கில் வெல்லம் கரைக்கிறோம். வெல்லத் தண்ணீரில் அரை மூடி! இந்தக் கைப்பக்குவம் வேறெந்த ஊருக்கு வரும்? என்ன அண்ணா, "கோழி சாவறதில்லயே" என்கிறீர்களா? உண்மை. கோழி சாவதில்லை. வேறெதுவும்கூடச் சாவதில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த மருந்து செய்யும் வேலை என்ன தெரியுமா? பாக்டீரியாவின் கயிற்றை அறுப்பது. முழு அளவு போனால் அறுந்து அறுந்து, நம் லாரி எத்தனை முறை ஓடினாலும் ஒட்ட முடியாமல், அது செத்துவிடும். ஒன்றுமே ஊற்றாமல் விட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். அரை மூடி ஊற்றினால்? கொஞ்சம் அறும், லாரி ஓடும், ஒட்டும். மறுபடி அறும்; மறுபடி ஒட்டும். அறுபடுவது அளவு மீறும்போது அந்தச் சிற்றுயிருக்குள் ஓர் அபாயக்குரல் எழுகிறது. அந்தக் குரல் கேட்டு, எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாத அவசர எழுத்தர்கள் சிலர் எழுகிறார்கள். பிழையோடு எழுதுகிறார்கள். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை உதவாதவை. எங்கோ ஒன்று, கோடியில் ஒன்று, நம் மருந்து வந்து உட்காரும் இடத்தையே மாற்றிவிடுகிறது. அதன்பின் மருந்து வரும், உட்கார இடமிருக்காது, போய்விடும். அந்த ஒன்று பெருகும். தான் கற்றதைப் பிள்ளைக்குக் கொடுக்கும். வேறு வகைப் பாக்டீரியா தனக்குத் தெரிந்த வேறு வித்தையை அண்டை வீட்டுக்குக் கைமாற்றும். ஐயா, நாம் மருந்து ஊற்றவில்லை, பாடம் நடத்தினோம். அதுவும் வெல்லம் கொடுத்துப் பாடம் நடத்தினோம்!

தனம் இதைச் சொல்லாமல் இருந்தாளா? விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொன்னாள். நான் ஒருமுறை அவளோடு வந்திருந்தேன், அன்றும் சொன்னாள். ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தாய் ராமாயி அம்மா வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, வேண்டாங்கப்பா. ஊத்துனா டாக்டர் சொன்னபடி முழுசா ஊத்துங்க, இல்லாட்டி ஊத்தாதீங்க. இந்தப் பாதி மட்டும் வேண்டாங்கப்பா" என்றாள். ஐயா கோபப்படவில்லை. "ஊரே ஊத்துது சாமி. நா மட்டும் ஊத்தாம உட்டா, மொத நோவு நம்ம ஷெட்டுக்குத்தான் வரும்" என்றார். தவறா? நீங்கள் சொல்லுங்கள், அந்தத் தகப்பன் சொன்னது தவறா? ஊரே ஊற்றும்போது ஒருவர் நிறுத்தினால் அவர்தான் முதலில் நட்டப்படுவார். அதனால் ஒருவரும் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாத ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு நம்பிக்கையே போகிறது.

ஆடியில் அவளுக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்று என்று ஆரம்பித்தது. பெண்களுக்கு வருவது, மாத்திரை போட்டால் போவது. போகவில்லை. காய்ச்சலானது, குளிரானது, இரத்தத்தில் கலந்தது. சேலத்தில் சேர்த்தார்கள். மருந்து மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். அவள் உடலிலிருந்து எடுத்த பாக்டீரியாவை வட்டத் தட்டில் வளர்த்து, ஒவ்வொரு மருந்தையும் பொட்டுப் பொட்டாக வைத்துப் பார்ப்பார்கள். வேலை செய்யும் மருந்தைச் சுற்றி ஒன்றும் வளராமல் தெளிந்த வளையம் தெரியும். ஆயிரம் தட்டு பார்த்தவள் அவள். தன்னுடைய தட்டைப் படமெடுத்து வரச் சொல்லி என்னிடம் கேட்டாள். முடியாது என்றேன். கண்ணாலேயே கெஞ்சினாள். கொண்டுபோய்க் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள். "ஒரு வளையங்கூட இல்ல வாணி" என்றாள். அவ்வளவுதான். ஐயா பக்கத்தில் நின்றிருந்தார். என்ன என்று கேட்டார். "மருந்து மாத்தறாங்கப்பா, சரியாயிரும்" என்றாள். இதை இதுவரை நான் உங்களிடம் சொல்லவில்லை ஐயா. மறைக்காதே என்றீர்கள், சொல்லிவிட்டேன். உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும். தன் உடம்புக்குள் அந்த மூன்று பேர் ஓயாமல் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். எந்த நொதியை வியந்து வியந்து படித்தாளோ, அந்த நொதி அவளைக் கொல்ல வந்தவற்றை ஒவ்வொரு முறையும் ஒட்டி ஒட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே அவள் கண்ணை மூடினாள்.

போன வாரம் தொலைபேசியில் ஐயா என்னிடம் ஒன்று கேட்டார். "அந்த அரை மூடிதானா சாமி?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இன்று சொல்கிறேன். தெரியாது ஐயா. உங்கள் டேங்க்கிலிருந்து வந்ததா, ஊருக்குள் சளிக்கும் சுரத்துக்கும் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துகிற மாத்திரையிலிருந்து வந்ததா, மருத்துவமனையிலேயே தொற்றியதா, யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கைதான் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. உங்கள் கை இல்லை என்று சொல்லவும் என்னிடம் சான்றில்லை. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் யாருடைய கையையும் கழுவிவிட என்னால் முடியாது.

நன்றி, சீட்டு வந்திருக்கிறது. "நேரம் ஆகிறது, தீர்மானத்துக்கு வரவும்" என்று எழுதியிருக்கிறார்கள். வருகிறேன். மழைக்கு முன் அரை மூடி ஊற்றுவதை நிறுத்துவது, மருத்துவர் பரிசோதித்துச் சொன்னாலன்றி மருந்து தொடாமலிருப்பது என்று ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார்கள். கை தூக்குவீர்கள். ஒரு கைகூடக் குறையாது. தனத்தின் படத்துக்குப் பூ வைத்த கையாயிற்றே, தூக்காமல் இருக்குமா? பிறகு முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். வானம் கறுக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் டேங்க் ஏணியில் ஏறுவது தெரியும். அப்போது உங்கள் கை எங்கே போகும்?

ஐயா, உங்கள் கைப்பேசி. பரவாயில்லை, எடுங்கள். சபை பொறுத்துக்கொள்ளும்... கொஞ்சம் அமைதியாக இருங்கள் அண்ணா.

தாய்மார்களே, பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டிருக்காது, நான் சொல்லிவிடுகிறேன். ஐயா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் முன்னால் இருக்கும் மைக்கும் திறந்திருந்தது. பண்ணையை விட்டு வரமுடியாமல் அங்கே தனியாக இருக்கும் ராமாயி அம்மாதான் கூப்பிட்டார்கள். ஓரத்து ஷெட்டில் கோழி இருமுகிறதாம். ஐயா உடனே, ஒரு கணம்கூடத் தயங்காமல், "ஊத்தாத ராமாயி. இனிமே அது வேண்டாம்" என்றார். கேட்டீர்களா? என் காலம் முழுவதும் மறக்க மாட்டேன். ஒரு மனிதர் எட்டெழுத்தைக் கண்டார். நின்றார்! ஊரே ஓடும்போது ஒருவர் நின்றார்!

அம்மா சொன்ன பதிலையும் சொல்லவேண்டுமே. "ஊத்தியாச்சுங்களே. வெல்லங் கரைச்சு அரை மூடி. எப்பவும் ஊத்தறதுதானுங்களே. தனம் இருந்தா இந்நேரம் வைஞ்சிருக்குமுங்க" என்றார்கள்.

யாரும் அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள். மகளைப் பறிகொடுத்த வீட்டில், மனம் எங்கோ கிடக்க, கை தன் பழக்கத்துக்கு ஏணியில் ஏறியிருக்கிறது. என்ன அண்ணா? டேங்க்கின் வால்வைத் திறந்து விட்டுவிடலாமா? நல்ல யோசனை. எங்கே விடுவீர்கள்? வாய்க்காலிலா? வாய்க்கால் எங்கே போகிறது? ஏரிக்கு. ஏரியில் வாழும் கோடானுகோடிக்கும் அதே பாடத்தை நடத்துவோமா, இந்த முறை இன்னும் மெல்லிய வெல்லத் தண்ணீரில்? திறக்காமல் விட்டால் கோழி குடிக்கும். கோழி குடித்தால் எருவில் போகும். எரு வயலுக்குப் போகும். ஊற்றிய மருந்துக்கு வெளியேறும் வழி இல்லை அண்ணா. நமக்கும் இல்லை.

மருத்துவர் எழுந்துவிட்டார். ஐயாவைக் காரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறார். இருமும் கோழியைப் பரிசோதித்து, தேவையென்றால் சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுப்பாராம். போய் வாருங்கள். அதைவிட நல்லது இன்று நம்மால் செய்ய முடியாது. அது போதும் என்று பொய் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பெரியோர்களே, உடைந்த கயிற்றை அந்த நொதியால் ஒட்ட முடிவது எப்படி? பக்கத்தில் உடையாத இன்னொரு கயிறு இருப்பதால். அதே எழுத்து, அதே வரிசை, அச்சு மாறாமல் இன்னொன்று. அது இருந்தால்தான் பார்த்து எழுத முடியும். மேடையை விட்டு இறங்கிப் போகிற அந்தத் தகப்பனுக்கு எங்கே இருக்கிறது இன்னொன்று? ஏணியடியில் நிற்கிற அந்தத் தாய்க்கு எங்கே இருக்கிறது இன்னொன்று? கண்ணுக்குத் தெரியாத உயிருக்கெல்லாம் வழி நெடுக எழுதியிருக்கிறது, இங்கே நில் என்று. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் நில் என்று. நமக்கும் எழுதியிருந்தது. சோற்றில் கை வைத்தபோதெல்லாம் ஒரு பெண் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். நாம் ஒன்றைத் தவறவிட்டோம், அடுத்ததைத் தவறவிட்டோம், கடைசியில் படித்துக் காட்டியவளையே தவறவிட்டோம்.

இவ்வளவு நேரம் என் கசப்பை வெல்லமில்லாமல் குடித்தீர்கள், அதற்கு நன்றி. இப்போது கை தூக்கச் சொல்வார்கள், தூக்குங்கள். நான் எண்ணப் போவதில்லை. முதல் மழையன்று உங்கள் டேங்க் ஏணி காலியாக இருக்கிறதா என்று பார்க்க, தனம் ஏறி வரும் அதே ராசிபுரம் பஸ்ஸில் நான் வருவேன். காலியாக இருக்கும் என்று நம்பி வரமாட்டேன். அவள் வந்திருப்பாள் என்பதற்காக வருவேன். எல்லோருக்கும் என் வணக்கம்.